வைக்கோல் படுக்கையும் மண்போர்வையும்

"கூணு இடிவெட்டினா முளைக்கும். நீ யாரு மக்கா, இடியா?"

உதியன்குளங்கரை முக்கில் நாலு பேர் கேட்க என் தாய்மாமா இப்படிக் கேட்டார். எங்கள் பக்கத்தில் காளானைக் கூண் என்றுதான் சொல்வோம். அதியன்னூர்ப் பக்கமிருந்த சர்க்கார் விவசாயத் தோட்டத்தில், காளான் வளர்க்கும் கொட்டகையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

"இடி வேலைக்கு ஆள் எடுக்கல்ல மாமா. இந்த வேலைக்குத்தான் எடுத்தாவ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இப்போது அந்தக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. போர்க்காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ஜனங்களுக்குக் கறிக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும் என்று தொடங்கிய வேலை அது. போர் முடிந்தது, வேலையும் முடிந்தது. எனக்கு வயது இருபத்தாறு. வீட்டில் என்னைப் 'பென்ஷன்காரி' என்று கேலி செய்கிறார்கள். பென்ஷன் மட்டும் கிடையாது. போன மாதம், பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். வைக்கோலில் காளானுக்குப் படுக்கை போடுவது அவர்களுக்குப் புரிந்திருந்தது. "அதுக்கு மேலே எதுக்கு அக்கா மண்ணு? மூச்சு முட்டிச் சாகாதா?" என்று ஒருத்தி கேட்டாள். வாயால் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா வைக்கோல் வண்டிக்காரர். நாஞ்சில்நாட்டில் அறுப்பு முடிந்ததும் அங்கிருந்து வைக்கோல் ஏற்றி, பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை என்று வழிநெடுக விற்றுக்கொண்டு வருவார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் மிஷன் பள்ளியில் தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் படித்துக் கடைசிப் பரீட்சையில் தேறினேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். சொல்லாமல் விடுவதுதான் அடக்கம் என்று சிலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கொட்டகையில் முதல் வருஷம் முழுவதும் புட்டி கழுவினேன் என்று சொன்னால் போதும். காளானுக்கு நெல் போலவோ பயறு போலவோ விதை கிடையாது. நறுக்கிய வைக்கோலைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, நீராவியில் அவித்து, நல்ல காளானின் உள்சதையில் ஒரு துணுக்கை அதில் இட்டால், சில நாளில் புட்டி முழுக்க வெள்ளை நூல் ஓடும். அந்த நூல்தான் விதை. காளான் என்று நாம் பறிப்பது அதன் பூ மாதிரி. செடி முழுவதும் அந்த நூல்தான். இதை முதன்முதலாகக் கேட்ட அன்று நான் வேலையை விட்டுவிட்டுப் புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். காட்டில் மழைக்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் பூ மட்டும்தான். செடி எத்தனை காலமாக மண்ணுக்குள் என் காலடியில் இருந்ததோ!

கொட்டகைக்கு மேலதிகாரி நீலகண்ட பிள்ளை. பாறசாலைப் பக்கத்துச் சைவக் குடும்பம். தகப்பனாரும் பாட்டனாரும் சர்க்கார் கணக்கெழுதியவர்கள். காளானைப் பற்றி இங்கிலீஷில் கிடைத்ததையெல்லாம் படித்தவர், ஒரு காளானைக்கூட வாயில் வைத்தவர் இல்லை. அவர் வீட்டில் அதையும் மீனையும் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் கிணற்றடியில் குளித்த பிறகே அடுக்களைப் பக்கம் வரலாம் என்பது அவருடைய அம்மா போட்ட சட்டம்.

காலையில் வந்ததும் பிள்ளை சார் செருப்பைக் கழற்றுவார். சோப்புப் போட்டுக் கை கழுவுவார். படுக்கையை மூடிய ஓலைப்பாயைத் தூக்கி முகத்தை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருப்பார். பிறகு கூப்பிடுவார்.

"நேசம், மணம் என்ன?"

"நல்லா இருக்கு சார்."

"நல்லா இருக்குங்கிறது மணமா? என்ன மணம்?"

நானும் முகத்தை உள்ளே விடுவேன். வெதுவெதுப்பான காற்று கன்னத்தில் மோதும். "இப்பம் வெட்டின பச்சைக் கிழங்கு மாதிரி, சார்."

"கொள்ளாம்."

அவரிடமிருந்து வரும் பாராட்டு அந்த ஒரு சொல்தான். புளித்த கஞ்சி மணம் என்று நான் சொன்னால் அந்தப் படுக்கை கெட்டது என்று அர்த்தம். பாயைச் சுருட்டிவிட்டு, அந்தப் படுக்கையைப் பிரித்து எருக்குழியில் போடும்வரை கூடவே நிற்பார். மணத்துக்குச் சரியான சொல் கிடைக்கும்வரை என்னை விடமாட்டார். அந்தப் பழக்கம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.

படுக்கை போடுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வைக்கோல் நீளமாக, முறியாமல் இருக்க வேண்டும். மாடு மிதித்துப் போரடித்த வைக்கோல் நசுங்கிப் போயிருக்கும். அது சீக்கிரம் குழைந்து அழுகும். கையால் அடித்த கற்றைதான் நல்லது. அப்பாவின் வண்டியில் வளர்ந்தவளுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்ல முடியும். கற்றைகளைத் தொட்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து எடுத்துச் சாய்த்து வைக்க வேண்டும். ஒரு பிடியை முறுக்கினால் விரலிடுக்கில் நீர் துளிக்க வேண்டும், ஓடக் கூடாது. செங்கல் மேடையில் ஒரு வரிசை நெடுக்காக, அடுத்த வரிசை குறுக்காக அடுக்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தைச் சுற்றிப் புட்டி விதையைக் கிள்ளி வைத்து, வறுத்துப் பொடித்த காணத்தை, அதாவது கொள்ளுப் பயற்றை, தூவ வேண்டும். பிறகு மேலே ஏறி நின்று மிதித்து இறுக்கி, பாயால் மூட வேண்டும்.

அதன்பின் நாம் செய்ய ஒன்றுமில்லை. வைக்கோல் தானாகச் சூடாகும். கையை உள்ளே விட்டால் கன்றுக்குட்டியின் வயிற்றடியில் கைவைத்தது போலிருக்கும். சில நாள் கழித்துப் பாயைத் தூக்கினால், செத்த புல் என்று நான் அடுக்கியதன்மேல் வெள்ளை நூல் படர்ந்து கிடக்கும். எத்தனை படுக்கை போட்டேனோ தெரியாது. அந்தப் பாயைத் தூக்கும்போது ஒரு தடவைகூட என் நெஞ்சு சும்மா இருந்ததில்லை.

மண்போர்வை பிள்ளை சாரின் யோசனை. குளிர்நாடுகளில் எருவில் வளர்க்கும் காளானுக்கு, நூல் ஓடிய பிறகு மேலே இரண்டு விரல்கடை மண் போடுவார்கள் என்றும், அந்த மண்ணைக் கண்டதும்தான் நூல் முடிச்சிட்டுக் காளானாகும் என்றும் அவர் படித்திருந்தார். நம் வைக்கோல் காளானுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் போட்டால் ஈரம் நிற்கும், முதல் பறிப்புக்குப் பின் இரண்டாம் ஈடும் நன்றாக வரும் என்று கொட்டகையில் பார்த்தோம். மண்ணை முதலில் அவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருக்கும் பூசணமும் பூச்சியும் படுக்கைக்குள் இறங்கிவிடும்.

கொட்டகையில் முளைத்ததெல்லாம் ஆபீஸ்காரர்களின் வீடுகளுக்குப் போனது. எனக்கு அது பொறுக்கவில்லை. கிழங்கைத் தின்று நாள் கழிக்கும் வீடுகளில்தான் இது முளைக்க வேண்டும் என்று பிள்ளை சாரிடம் கேட்டேன். பல தடவை கேட்டேன். கடைசியில் அவர் சொன்னார்: "ஒரு வீடு பார். அங்கே முளைச்சால் கேட்கிற பெண்களுக்கெல்லாம் விதைப்புட்டி கொடுக்க மேலிடத்துக்கு எழுதுகிறேன். முளைக்காவிட்டால் வீட்டுப்படுக்கை என்ற பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது."

நான் பார்த்த வீடு செல்லம்மை அக்காவுடையது. உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் இடவழியில் இருந்தது. கணவர் அசாமில் ரோடு போடும் வேலைக்குப் போயிருந்தார். அக்காவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு பசு. மழைக்காலம் முழுவதும் அந்தப் பசு தின்ன வேண்டிய வைக்கோல்தான் படுக்கைக்குப் போக வேண்டும். வேறு வைக்கோல் அந்த வீட்டில் கிடையாது. அந்தப் பருவத்தில் அப்பாவின் வண்டியிலும் கிடையாது. இது தெரிந்துதான் அவள் சம்மதித்தாள்.

காணப்பொடியைத் தூவுவதைக் கண்டதும் அவளுக்கு மனசு ஆறவில்லை. "மனுசனுக்கே இல்லாத காணத்தை வைக்கோலுக்குப் போடுதியே, பிள்ளே!"

"அதுதான் பிறகு உனக்குத் திருப்பித் தரும், அக்கா."

"தராட்டா உன்னைப் பிடிச்சுத்தான் பசுவுக்குப் போடணும்."

மாட்டுத்தொழுவை ஒட்டிய சாய்ப்பில் படுக்கை போட்டோம். நூல் அழகாக ஓடியது. மண் போட வேண்டிய நாள் வந்தது. மண்ணை அவிக்கப் பெரிய பாத்திரமாக ஒன்று, நெல் அவிக்கும் செம்பு, அந்த வீட்டில் இருந்தது. அதைக் கேட்டேன்.

"நெல்லு அவிக்கிற செம்பிலே மண்ணா? நாளைக்கு என் பிள்ளைகள் மண்ணைத் தின்னணுமா?" அக்காவின் முகமே மாறிவிட்டது. நான் வற்புறுத்தவில்லை. கிழங்கு அவிக்கும் பானைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அவித்து, ஆறவைத்து, பொலபொலவென்று தூவிவிட்டு வந்தேன். ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். வேறொன்றும் செய்யச் சொல்லவில்லை.

அடுத்த தடவை நான் போனபோது அக்கா வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். "வா, வா. வந்து பாரு என் படுக்கையை."

பார்த்தேன். நல்ல நாளுக்கு மெழுகிய தரை போல மினுமினுவென்று இருந்தது.

எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூண் முளைக்கும் கறையான் புற்று ஒன்று இருக்கும். அது எங்கே என்று அடுத்த வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். கட்டிக்கொடுத்த மகளுக்குக்கூடச் சொல்லாத வீடுகள் உண்டு. அக்கா தன் குடும்பத்துப் புற்றுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் அந்த மண்ணை அள்ளி வந்திருக்கிறாள். கூண் விரும்பும் மண் அதுதானே என்று நினைத்து, நான் தூவிய மண்ணின்மேல் அதைக் குழைத்து அப்பி, உள்ளங்கையால் தடவித் தடவி மட்டமாக்கியிருக்கிறாள். மண்ணைத் தொட்டால் மெழுகாமல் விடத் தெரியாத கை அது. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய கையும் அதுதான். புற்றுமண் சீமைச்சுண்ணாம்பு மாதிரி நைசானது. காய்ந்து இறுகி ஒரு பலகை போல ஆகிவிட்டது. தெளித்த தண்ணீர் அதன்மேல் தேங்கி நின்றது.

எப்போது முளைக்கும் என்று அவள் ஆசையாகக் கேட்டாள். நான் பிள்ளை சாரை அழைத்து வந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். குனிந்து முகத்தைப் படுக்கையின் பக்கவாட்டில் வைத்தார். நிமிர்ந்தவர் என்னிடம் மணம் என்ன என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"செல்லம்மை, இதைப் பிரிச்சு வெயிலில் போடு. இப்பம் போட்டால் பசு தின்னும். இன்னும் விட்டால் எருக்குழிக்குத்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுப்படுக்கை வேண்டாம், நேசம். எழுதிவிடுகிறேன்" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அக்காவுக்குத் தன் கைதான் கெடுத்தது என்று புரிந்துவிட்டது. உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சார், ஒரு மூலையைப் பெயர்த்துப் பார்த்துக்கட்டா?" என்றேன்.

அவர் தலையசைத்தார். சுவரோரமாக அந்த மண்பலகையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதில் விரலை விட்டு ஒரு சில்லைத் தூக்கினேன். அடியில் வைக்கோல் மஞ்சளித்து நீர் கோத்துக் கிடந்தது. நூல் எங்கும் தெரியவில்லை. ஆனால் வெடிப்பு ஓடிய வழியில், சில்லின் ஓரம் முழுக்க, வெள்ளை நூல் கயிறு முறுக்கியது போலத் திரண்டு நின்றது. பள்ளிவிடும் மணியடித்ததும் வாசலில் முட்டுகிற பிள்ளைகளைப் போல, படுக்கையிலிருந்த உயிரெல்லாம் அந்த ஒரு கீறலுக்கு வந்து முட்டியிருந்தது.

நான் அப்படியே குந்திவிட்டேன். கண்ணில்லாத, காலில்லாத ஒன்று, இருட்டுக்குள் கிடந்து காற்று வரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. அந்தப் புட்டியை முதலில் பார்த்த நாளுக்குப் பிறகு அவ்வளவு பெரிய வியப்பு எனக்கு அன்றுதான் வந்தது.

"சார், இது சாகல்ல. மூச்சுக்குத் தவிக்கு. மண்ணு கேடில்லை, அடைச்சதுதான் கேடு."

பிள்ளை சார் என் பக்கத்தில் வேட்டியோடு மண்ணில் முழங்கால் போட்டு, அந்தக் கீறலில் மூக்கை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "நேசம், மணம் என்ன?"

"பச்சைக் கிழங்கு, சார். லேசா."

"லேசாத்தான்" என்றார். பிறகு எழுந்து, "வைக்கோல் இவளுடையது. நானும் நீயும் சொல்லக் கூடாது. இவள் சொல்லட்டும்" என்று அக்காவைப் பார்த்தார்.

அக்கா பசுவைப் பார்த்தாள். அதுவும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. "தோட்டுக்கரையிலே புல்லு உண்டும். நான் அறுத்துப் போடுவேன்" என்று ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். "இது கிடக்கட்டு." பிறகு உள்ளே போனாள். ஏதோ உருளும் சத்தம் கேட்டது. நெல் அவிக்கும் செம்பைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"நெல்லே காணாத செம்புக்கு மண்ணாவது கிடைக்கட்டு" என்றாள்.

மண்பலகையைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து எடுத்தோம். படுக்கையை ஒரு பகல் மூடாமல் விட்டு நீர் வடியவைத்தேன். புதுப் போர்வைக்கு ஆற்றோரத்து மணல் கலந்த மண் பாதி, தொண்டு தல்லும், அதாவது தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும், இடத்தில் குவிந்து மக்கிக் கிடக்கும் தென்னை நார்த்தூள் பாதி என்று கலந்தேன். நார்த்தூள் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஆனாலும் இறுகாது. கொட்டகையில் நாங்கள் அதைப் போட்டதில்லை. பிள்ளை சார் ஒரு பிடி எடுத்து இறுக்கி, விட்டு, அது பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்துவிட்டு, செம்பில் போடச் சொன்னார். செம்பில் ஆவி வரும்வரை அவித்து ஆறவைத்தோம்.

தூவுவதை அக்காவையே செய்ய வைத்தேன். மாவு சலிக்கும் அரிப்பை அவள் கையில் கொடுத்து, "தட்டலாம், அக்கா. தொடக் கூடாது" என்றேன். தூவி முடித்ததும் அவளுடைய கை தானாகப் படுக்கைக்குப் போனது.

"அக்கா!"

"எனக்க கை கேக்க மாட்டேங்குது, மக்கா" என்று சொல்லி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் அதைப் பார்த்துச் சிரித்து, தாங்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. பிறகு தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் ஒரு கை பின்னால்தான் இருந்ததாம்.

அந்த நாள்களில் என் மனசு கொட்டகையில் இல்லை. சாய்ப்பில் இருந்தது.

ஒரு காலை, அக்காவின் மூத்த மகள் ஓடி வந்து, "கடுகு! கடுகு!" என்றாள். போய்ப் பார்த்தேன். மண்ணின் பொடிகளுக்கிடையே வெள்ளைக் கடுகைச் சிந்தியது போலப் புள்ளிகள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மணையைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பயறளவு. அதற்கடுத்து காடைமுட்டையளவு, சாம்பல் பூத்த தோலோடு. ஒரு முட்டையின் உச்சி கீறி, உள்ளிருந்து சுருட்டிய குடை வெளியே வருவதை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. மண்ணை அது நெற்றியால் முட்டி ஓரமாக ஒதுக்கியது. மத்தியானத்துக்குள் குடை விரிந்துவிட்டது. நான் படித்தவள், புட்டியிலிருந்து விதையைக் கிள்ளி வைத்தவள், எது எப்படி நடக்கிறதென்று தெரிந்தவள். ஆனாலும் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரிந்துகொண்டதனால் வியப்பு குறையவில்லை. தெரியத் தெரியக் கூடத்தான் செய்தது.

பிள்ளை சார் வந்தபோது அக்கா மிளகும் தேங்காயும் அரைத்துக் கறி வைத்து முடித்திருந்தாள். அவர் முற்றத்தில் தள்ளி நின்று, தின்றுகொண்டிருந்த சின்னப்பிள்ளையிடம் கேட்டார்: "ருசி என்ன, மக்கா?"

"நல்ல ருசி, சாறே."

"அது பதில் இல்லை. என்ன ருசி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கோழி மாதிரி. ஆனா இதைத் துரத்திப் பிடிக்கண்டாம்."

பிள்ளை சார் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கோழியின் ருசியும் அவருக்குத் தெரியாது. "கொள்ளாம்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, "விதைப்புட்டிக்கு எழுதிவிடுகிறேன். நார்த்தூளையும் சேர்த்து எழுதணும்" என்றார்.

எழுதினார். இடவழியின் இரண்டு பக்கமும் சாய்ப்புகளில் படுக்கை ஏறியது. மிஷன் சபைக்காரர் வீடு, நெசவுக்காரச் சாலியர் வீடு, நாடார் வீடு என்று எல்லா வீட்டுப் பெண்களும் புட்டிக்கு வந்தார்கள். ஒரு சைவ வீட்டு மருமகளும் பின்வாசல் வழியாக ஆளனுப்பி ஒரு புட்டி வாங்கினாள். அது யார் என்று நான் சொல்ல மாட்டேன். காளான் ஓய்ந்த வைக்கோலைச் செல்லம்மை அக்கா பசுவுக்குப் போட்டாள். முதலில் முகர்ந்து பார்த்தது. பிறகு புல்லைத் தள்ளிவிட்டு அதைத்தான் தின்றது.

கொட்டகையைப் பூட்டியபோது பிள்ளை சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எனக்கு வேலை போனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் புட்டி வருவது நின்றதும் ஒவ்வொரு சாய்ப்பாகப் படுக்கை நின்றுபோனதை என்னால் தாங்க முடியவில்லை. பெண்கள் வந்து கேட்பார்கள். "இனி இல்லை" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அந்தச் சொல்லே வெறுத்துவிட்டது.

மருந்துக்கடையில் வெற்றுப் புட்டிகள் வாங்கினேன். வீட்டுப் பின்புறத்தில் ஓர் ஓலைமறைப்புக் கட்டி, அங்கேயே வைக்கோல் நறுக்கி அடைத்து, அவித்து, கடைசியாக முளைத்த ஒரு படுக்கையின் முட்டையைக் கீறி, உள்சதையைத் துணுக்காக எடுத்து இட்டேன். முதல் ஈட்டில் அநேகமாக எல்லாப் புட்டியிலும் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. இரண்டு மட்டும் வெள்ளையாக நின்றன. ஒன்றைச் செல்லம்மை அக்காவின் சாய்ப்பில் படுக்கையாகப் போட்டாயிற்று. மற்றதைப் பிரித்து வேறு புட்டிகளுக்கு ஏற்றினேன். அவை எல்லாவற்றிலும் நூல் ஓடியிருக்கிறது. அம்பூரி மலையில் குடியேறியிருக்கும் பெண்கள் விதை வேண்டுமென்று ஆள் விட்டிருந்தார்கள். இன்று விடியற்காலையில் புட்டிகளைத் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கி, அந்த ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.